நரம்பின் வழியே – 9: இழுப்பு நின்ற பிறகு

சென்ற வாரம் வலிப்பு வரும் அந்த இரண்டு மூன்று நிமிடங்களைப் பற்றி எழுதியிருந்தேன். உதறல் அடங்கும், மூச்சு சீராகும், கண் திறக்கும். சுற்றி நின்றவர்கள் ‘அப்பாடா’ என்று கலைந்துபோவார்கள். விழுந்தவருக்கோ அடுத்த அவஸ்தை அப்போதுதான் ஆரம்பம். நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும். ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தும். வயிற்றைப் புரட்டும். குனிந்தாலும் இருமினாலும் மண்டைக்குள் வலி ஏறும். ஒரு நாள் முழுக்கப் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள் உண்டு.

இது அபூர்வமான தொந்தரவு இல்லை. இங்கிலாந்தில் ஷோன், பிளா என்ற இரண்டு மருத்துவர்கள் வலிப்பு உள்ள 100 பேரிடம் விசாரித்து 1987-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்த 100 பேரில் 51 பேருக்கு வலிப்புக்குப் பின் தலைவலி இருந்தது. சின்ன வலிப்பைவிடக் கை கால் உதறும் பெரிய வலிப்புக்குப் பிறகே அது அதிகம் வந்தது. தூங்கி எழுந்தால் குறைந்தது. சர்வதேசத் தலைவலிச் சங்கம் 2018-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் இதற்குத் தனி இடமே உண்டு. வலிப்பு வந்து 3 மணி நேரத்துக்குள் தொடங்கி, 72 மணி நேரத்துக்குள் தானாக அடங்கும் வலி என்பது அதன் இலக்கணம். மூளையின் பின்பக்கம், பார்வைக்கான பகுதியில் கிளம்பும் வலிப்பு உள்ளவர்களில் 60 சதவீதம் பேர் வரை இந்தத் தலைவலியால் அவதிப்படுகிறார்கள் என்கிறது அதே வகைப்பாடு.

இத்தனை பேருக்கு வரும் வலி ஏன் பேச்சிலேயே அடிபடுவதில்லை? நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். மந்தைவெளியோ மாம்பலமோ, பெண்ணுக்கு ஃபிட்ஸ் வரும் என்பது நான்கு சுவரைத் தாண்டாது. ‘தலைவலி, படுத்திருக்கா’ என்று சொல்லி அறைக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆபீஸுக்கு லீவு சொல்லும்போதும் தலைவலிதான் காரணம். இந்து திருமணச் சட்டத்தில், திருமணத்துக்குத் தடையான காரணங்களில் ஒன்றாக வலிப்பும் எழுதப்பட்டிருந்தது. 1999-இல் சட்டத்தைத் திருத்தி அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் ஜாதகம் கைமாறும்போது மாத்திரை டப்பா அலமாரியின் பின்பக்கத்துக்குப் போவது நிற்கவில்லை.

மருத்துவர் முன் போய் உட்கார்ந்தால் நிலைமை தலைகீழ். இந்த மாதம் எத்தனை தடவை வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, மாத்திரை விட்டுப்போனதா என்ற மூன்று கேள்விகளோடு நேரம் முடிந்துவிடுகிறது. தலைவலி என்ற பேச்சே வராது. இழுப்புக்கு முன் அது ஒரு பொருட்டா என்று நோயாளியே நினைத்துக்கொள்கிறார். ஊருக்கெல்லாம் சாக்காகச் சொன்ன வலியை, சொல்ல வேண்டிய ஒரே இடத்தில் சொல்லாமல் எழுந்து வந்துவிடுகிறோம். இது மாற வேண்டும் என்பதற்காகவே இந்த அத்தியாயம்.

வலிப்பு என்பது மூளை நரம்பணுக்கள் கூட்டமாக, கட்டுக்கடங்காமல் மின்துடிப்பை வெளியிடுவது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க ரத்த ஓட்டம் கூடுகிறது. மூச்சுத் திணறலில் கரியமில வாயு சேர்ந்து ரத்தக் குழாய்கள் விரிகின்றன. மூளையைச் சுற்றிய உறையில் வலி உணரும் நரம்புகள் கிளர்ச்சி அடைகின்றன. மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலியிலும் இதே நரம்புகளுக்குத்தான் வேலை. அதனால்தான் குமட்டலும் வெளிச்சக் கூச்சமும் இரண்டுக்கும் பொது. இறுகிப்போன கழுத்தும் தாடையும் தனியாக வலிக்கும்.

முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியவை சுருக்கமானவை. கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள். இரும்புக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் தெளிவாகப் பதில் வரும்வரை தண்ணீர், சோடா, காபி எதுவும் வாயில் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். தெளிந்த பிறகு தண்ணீரோ மோரோ கொடுக்கலாம். திரைச்சீலையை இழுத்துவிட்டு, டிவியை அணைத்து, தூங்க விடுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். நெற்றியில் ஈரத்துணி போடுவது பலருக்கு இதமாக இருக்கிறது.

அடுத்து வீட்டில் யாராவது தைல டப்பாவைத் தேடுவார்கள். இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தலைவலித் தைலம் என்றாலே மயிலாப்பூர்க்காரர்களுக்கு ஓர் உரிமை உண்டு. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு 1893-இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன், 1914-இல் சென்னைக்கு வந்து, லஸ் சர்ச் ரோட்டில் நிலைகொண்டது. அதே சாலையில் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே காலை நடைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஏதோ ஒரு தைலம் இருக்கும். ஊட்டிக்குப் போய்வந்தால் நீலகிரித் தைலம் ஒரு பாட்டில் வாங்காமல் திரும்புவோர் குறைவு. சாதாரணத் தலைவலிக்கு நெற்றியில் கொஞ்சம் தேய்த்துக்கொள்வதில் பெரும்பாலானவர்களுக்கு ஆபத்து எதுவும் இல்லை. வலிப்பு உள்ளவர்களுக்குத்தான் யோசனை தேவை. நான் சொல்வது எந்த நிறுவனத்தையும் பற்றி அல்ல. தைலங்கள் பலவற்றிலும் பொதுவாக இருக்கும் கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய் என்ற இரண்டு சரக்குகளைப் பற்றி.

கற்பூரம் வலிப்பைத் தூண்டும் என்பது மருத்துவத்துக்குப் பழைய செய்தி. 1934-இல் ஹங்கேரியில் மெதுனா என்ற மருத்துவர், மனச்சிதைவு நோயாளிகளுக்கு வேண்டுமென்றே வலிப்பை வரவழைக்கக் கற்பூரத்தைத்தான் ஊசி மூலம் ஏற்றினார். நம் பக்கத்து ஆய்வு இன்னும் முக்கியம். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி நரம்பியல் மருத்துவர் தாமஸ் மேத்யூவும் குழுவினரும் 2021-இல் வெளியிட்டது அது. தென்னிந்திய மருத்துவமனைகளில் நான்கு ஆண்டுகள், முதல் தடவை வலிப்பு வந்தவர்களையும் கட்டுப்பாட்டில் இருந்து மீண்டும் வந்தவர்களையும் கவனித்தார்கள். 350 பேரில் 55 பேருக்கு, இந்த எண்ணெய்கள் கலந்த பொருளைப் பூசியது, முகர்ந்தது அல்லது உட்கொண்டதை ஒட்டி வலிப்பு வந்திருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது யூகலிப்டஸ் அல்லது கற்பூரம்.

சளி பிடித்தால் கொதிநீரில் நீலகிரித் தைலத்தை விட்டு ஆவி பிடிப்போம், மூக்கில் உறிஞ்சும் குப்பியைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்போம், வலிக்கிறதே என்று போர்வைக்குள் தலையை மூடிக்கொண்டு நெற்றி முழுக்கத் தைலம் பூசிக்கொள்வோம். வலிப்பு உள்ளவர் இவற்றைத் தவிர்ப்பது நல்லது. ‘எப்போதாவது தைலம் போட்டுக்கொண்ட அன்று இழுப்பு வந்ததா?’ என்று பின்னோக்கி யோசித்துப் பார்க்கலாம். ஆம் என்றால் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். கற்பூர வில்லை, தைல பாட்டில் எதுவும் குழந்தைகளின் கைக்கு எட்டக் கூடாது. அவர்கள் விழுங்கிவிட்டால் கொஞ்சமே போதும், வலிப்பு வந்துவிடும்.

சரி, மாத்திரை? தி.நகர் உஸ்மான் ரோட்டுப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். வியர்வையும் பையுமாக ஒரு பெண் வந்தார். “அண்ணா, தலைவலி தாங்கல. ஸ்ட்ராங்கா ஏதாவது குடுங்க.” “வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?” என்று கடைக்காரர் கேட்டார். அவர் ஒரு கணம் தயங்கி, “இல்லண்ணா” என்றார். பணம் எடுக்கக் கைப்பையைத் திறந்தபோது வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை அட்டையின் முனை தெரிந்தது. பின்னால் நின்ற கூட்டத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பையை மூடிக்கொண்டார். அந்தத் தயக்கம் புரியாமல் இல்லை. ஆனால் கடைக்காரர் கேட்ட கேள்வி அவருடைய நல்லதுக்காகத்தான்.

பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம் பாரசிட்டமால் ஒன்று, வலி தொடங்கியதுமே போட்டுக்கொள்வது முதல் படி. ஃபெனிட்டாயின், கார்பமசெபின் போன்ற வலிப்பு மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களும் மது அருந்துகிறவர்களும் அதையும் அளவோடுதான் எடுக்க வேண்டும், கல்லீரலுக்குச் சுமை கூடும். வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்களுக்கு, சாப்பிட்ட பிறகு இபுப்ரோஃபென் பலன் தரலாம். ஆனால் நம் ஊர் மழைக்காலத்தில் காய்ச்சலும் இருந்தால் டெங்கு இல்லையென்று தெரியும்வரை அதைத் தொடாதீர்கள். ஆஸ்பிரின் வால்ப்ரோயேட்டோடு சேர்ந்தால் ரத்தத்தில் வால்ப்ரோயேட்டின் வீரியத்தைக் கூட்டிவிடும். அப்பாவின் இடுப்பு ஆபரேஷனில் மிச்சமான வலி மாத்திரை என்று அலமாரியில் ஒன்று இருக்கும். அதில் டிராமடால் என்று எழுதியிருந்தால் வேண்டவே வேண்டாம். அது வலிப்பைத் தூண்டக்கூடியது. 2018-இல் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட மருந்தும்கூட. ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான் வகை மாத்திரைகள் சிலருக்குக் கேட்கின்றன. அதை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும்.

எதுவானாலும், சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாட்களை எட்டிவிட்டால் அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகத் தொடங்கும்.

சில தலைவலிகளுக்கு மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. விழுந்ததில் தலையில் அடிபட்டிருந்தால், குறைவதற்குப் பதிலாக நேரம் ஆக ஆகக் கூடினால், வாந்தி நிற்காவிட்டால், எழுப்பியும் மயக்கம் தெளியாவிட்டால், ஒரு பக்கக் கை கால் துவண்டால், காய்ச்சலும் கழுத்து இறுக்கமும் சேர்ந்தால் நேராக மருத்துவமனைதான். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர் விழுந்திருந்தாலும் அப்படியே. வாழ்க்கையில் முதல் தடவையாக வலிப்பும் தலைவலியும் சேர்ந்து வந்தால் ஸ்கேன் தேவைப்படும். வேலூர் சி.எம்.சி.யில் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் செய்த வேலையை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அந்தக் காலத்தில் ஸ்கேனில் தெரியும் சின்ன வளையப் புள்ளியைக் காசநோய்க் கட்டி என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுத்துவந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழு முட்டையால் வந்தவை என்று காட்டியவர்கள் இவர்கள். சுத்தமில்லாத தண்ணீர், கழுவாத காய், கழுவாத கை வழியாக அது வரும். இறைச்சியே தொடாத வீடுகளுக்கும் வரும்.

இனி, தலைவலியைச் சொல்வதால் என்ன ஆகும் என்பதற்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளி ஆசிரியை, மந்தைவெளியில் இருக்கிறார். வலிப்பு வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, மாத்திரையைக் குறைக்கலாமா என்று கேட்கப் போனார். கூடப் போனேன். கிளம்பும் நேரத்தில், பேச்சுவாக்கில், காலையில் எழும்போது அடிக்கடி மண்டை இடிக்கிறது என்றார். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அந்த மாதிரி நாள்ல நாக்கு எரியுமாம்மா?”

“ஆமாம் டாக்டர். ஓரத்துல பல் பட்டிருக்கும். தூக்கத்துல கடிச்சுக்கிட்டேன்னு நினைச்சேன்.”

“உடம்பு?”

“அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். ஸ்கூல்ல நின்னு நின்னு வர்றதுன்னு விட்டுட்டேன்.”

அவர் தினசரித் தாள் காலண்டரில் தலைவலி நாட்களில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவந்திருக்கிறார். மாத்திரை வாங்கிய கணக்குக்காக ஆரம்பித்த பழக்கம். தாளைக் கிழித்தாலும் எறியாமல் கிளிப்பில் மாட்டி வைத்திருந்தார். அடுத்த தடவை அந்தக் கத்தையைக் கொண்டுவரச் சொன்னார் மருத்துவர். புரட்டிப் பார்த்தால், பரீட்சைத் தாள் திருத்திய வாரங்களில், இரவு நெடுநேரம் விழித்த அடுத்தடுத்த நாட்களில் குறிகள் நெருங்கிக் கிடந்தன. மூளையின் மின்துடிப்பை இரவு முழுக்கப் பதிவு செய்யும் வீடியோ இஇஜியில் தூக்கத்திலேயே ஒரு வலிப்பு பதிவானது. வலிப்பு இரண்டு வருடமாக நிற்கவே இல்லை. தனியாகப் படுப்பவர் என்பதால் யாரும் பார்க்கவில்லை. அந்தத் தலைவலி ஒன்றுதான் சாட்சி. மாத்திரையைக் குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. கட்டுப்படாத இரவு வலிப்பு உயிருக்கே ஆபத்தாகலாம்.

அவருக்கு மருந்தை மாற்றியமைத்தார்கள். இப்போது காலை வலி அரிது. வலிப்புக்குப் பின் வரும் தலைவலிக்கு நிஜமான நிவாரணம் வலிப்பு வராமல் பார்த்துக்கொள்வதுதான். மார்கழி அதிகாலை, சிவராத்திரிக் கண்விழிப்பு, அமாவாசை விரதம், எதற்காகவும் தூக்கத்தையும் வேளை மாத்திரையையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்; வாய் நிறையத் தண்ணீர் குடித்து மாத்திரை போட்டால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது. வலிப்போடு ஒற்றைத் தலைவலியும் தனியாக உள்ளவர்களுக்கு டோபிரமேட் போல இரண்டுக்கும் கேட்கும் மருந்துகள் உண்டு. வால்ப்ரோயேட்டும் அப்படித்தான், ஆனால் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு அதைத் தவிர்க்கவே பார்க்கிறார்கள். கருவிலுள்ள குழந்தையின் உடலையும் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் பேச வேண்டும்.

செலவை நினைத்து மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளில் முக்கியமான வலிப்பு மாத்திரைகள் இலவசம். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950-இல் நரம்பு அறுவைச் சிகிச்சையைத் தொடங்கியவர் டாக்டர் பி. ராமமூர்த்தி. டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-இல் நிறுவிய, அடையாறை அடுத்த வி.எச்.எஸ். மருத்துவமனையிலும் ஒரு நரம்பியல் மையத்தை அவர் வளர்த்தெடுத்தார். எளியவர்களும் வர முடிகிற இடமாகவே அந்த மருத்துவமனை தொடங்கப்பட்டது.

சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளை முறையாகச் சாப்பிட்டும் வலிப்பு அடங்காவிட்டால், மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்று 2010 முதல் உலகம் முழுக்க ஒரே வரையறை வைத்திருக்கிறார்கள். அதன்பின் மூன்றாவது, நான்காவது மாத்திரை என்று வருடங்களைக் கழிப்பதற்கு முன், அறுவைச் சிகிச்சைக்கு வாய்ப்பு உண்டா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் இதைச் செய்கிறார்கள். அங்கே யாரை அனுப்பலாம், யாருக்குச் சரிவராது, ஆபரேஷனுக்கு முன் என்னென்ன பார்ப்பார்கள் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)