மின்னல் மூட்டும் மலைத் தீ: பார்க்கக் கண் உண்டு, அணைக்கக் கை இல்லை

புது தில்லி: இமயமலைக் காடுகளில் தீப்பிடிக்கும் ஆண்டுகளில் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுவதும், தீயைத் தடுப்பதும் அணைப்பதும் மாநிலங்களின் முதன்மைப் பொறுப்பு என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பதில் அளிப்பதும் வழக்கமாகிவிட்டது. 1976-ஆம் ஆண்டின் 42-வது திருத்தத்தின் மூலம் வனம் பொதுப் பட்டியலுக்கு வந்துவிட்டதை அந்தப் பதில் ஏனோ நினைவில் கொள்வதில்லை.

உத்தரகண்டில் பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை தீக் காலம். மூளும் தீயில் பெரும்பகுதி மனிதர்களால் நேர்வது. மின்னலால் விளைவது மிகச் சிறு பங்கே. இங்கு இடியுடன் பெரும்பாலும் மழையும் சேர்ந்தே வருகிறது. ஆனால், மழையின்றி மின்னல் இறங்கும் நாளில், சாலையே இல்லாத முகட்டில் தனி மரம் ஒன்று பற்றிக் கொள்ளும். அது உடனே கொழுந்துவிட்டு எரியாமல் அடிமரத்துக்குள் சில நாள்கள் கனன்றுகொண்டிருந்து, காற்று வலுக்கும் ஒரு பிற்பகலில் கீழே உதிர்ந்து கிடக்கும் பைன் ஊசியிலைகளுக்குத் தாவுவதும் உண்டு.

டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியே தீ எச்சரிக்கை வழங்கி வருகிறது. முதலில் 1 கிலோ மீட்டர் அளவிலான கட்டங்களாகத் தெரிந்த காடு, 2017 முதல் 375 மீட்டர் கட்டங்களாகத் தெரிகிறது. பாராட்டத்தக்க முன்னேற்றம்தான். எனினும், மரக்கிளைகளின் மறைவில் கனலும் ஒற்றை அடிமரம் அந்தக் கண்ணில் படுவது அரிது. முதல் புகையைப் பார்ப்பவர் பெரும்பாலும் மலைக் கிராமத்தவரே.

அணைப்பதும் அவர்களது கைவேலைதான். தண்ணீர் கிடைக்காத சரிவில், தீயைச் சுற்றி ஊசியிலைகளை வாரி ஒதுக்கி வெறும் மண்ணாக்குகின்றனர். பச்சைக் கிளைகளால் தீயை அடித்து அணைக்கின்றனர். தீ மேல்நோக்கி விரைந்து ஏறுமாதலால், அதற்கு மேற்புறம் நிற்பது ஆபத்து. கீழ்ப்புறத்திலோ, எரியும் பைன் காய்கள் உருண்டு வந்து புதுத் தீ மூட்டும். தழல் அடங்கினாலும் வேலை முடிவதில்லை. அடிமரத்தைக் கிளறி, மண் போட்டு மூடி, மறுநாளும் வந்து பார்க்க வேண்டும். இதற்கு நாலைந்து பேர் போதும். ஆனால், உரிய நேரத்தில் வர வேண்டும். பரவிவிட்டால், 2016-ல் பீம்தால் ஏரியிலிருந்து நீர் மொண்ட விமானப் படை ஹெலிகாப்டர்களைப்போல வான்வழி உதவியை நாட வேண்டியதுதான்.

அந்த நாலைந்து பேர் எங்கே? தீக் காவலர்கள் பருவ காலத்துக்கு மட்டும் அமர்த்தப்படுபவர்கள். 2024 மே மாதம் காடுகள் எரிந்துகொண்டிருந்தபோது, வனத் துறையினரைத் தேர்தல் பணிக்கு அனுப்பியது ஏன் என்று உச்ச நீதிமன்றம் உத்தரகண்ட் அரசைக் கேட்டது. அடுத்த மாதம் 13-ஆம் தேதி அல்மோரா மாவட்டம் பின்சார் சரணாலயத்தில் தீயணைக்கச் சென்ற நால்வர் உயிரிழந்தனர். தீக் காவலர் ஒருவரும் தினக்கூலித் தொழிலாளி ஒருவரும் அவர்களில் அடக்கம்.

1921-ல் ஆங்கிலேயரின் வனக் கட்டுப்பாடுகளை எதிர்த்துக் காட்டுக்கே தீ வைத்த மக்கள் குமாவோன் மலை மக்கள். அந்தக் கொந்தளிப்பின் விளைவாக 1931-ல் விதிகள் பெற்ற வன பஞ்சாயத்துகள் இன்று பல்லாயிரம் உள்ளன. காட்டில் உரிமை இருந்தால்தான் கிராமம் நள்ளிரவிலும் மலையேறும் என்பதை அன்றைய அரசு புரிந்துகொண்டது. ரேணுகா சௌத்ரி தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு 2016 டிசம்பரில் அளித்த அறிக்கை, ஊசியிலைகளை அகற்ற மக்களுக்கு ஊக்கத்தொகை வழங்கப் பரிந்துரைத்தது. கிலோவுக்கு 50 ரூபாய் தரப்படும் என்ற அறிவிப்பு உத்தரகண்ட் அரசிடமிருந்து வந்தது 2024 மே மாதத்தில், காடு எரிந்துகொண்டிருந்த வேளையில்.