ஓடும் மனிதனை எழுதுவதற்கு மாதிரி எங்கே?

நம் சங்கங்களில் பொங்கல் விழாவையொட்டிச் சிறுவர்க்கு நிகழும் சித்திரப் போட்டிகளைக் கண்டோர் ஒன்றை உணர்ந்திருப்பர். கரும்பும் சூரியனும் பசுவும் ஓரளவு உயிரோடு விளங்கும். ஏறு தழுவும் இளைஞனோ கோலாட்டமாடும் பெண்ணோ வந்தவுடன் அவ்வுயிர் மறைந்து, தாளில் மரப்பாச்சி ஒன்று நிற்கும். எட்டு வயதில் இதைப் பொருட்படுத்தாத பிள்ளை பன்னிரண்டு வயதில் கண்டுகொள்கிறது. "எனக்குக் கை வரவில்லை" என்று பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறது. கணக்குப் பாடத்துக்கு நேரம் மிஞ்சியது என்று பெற்றோரும் உள்ளூர மகிழ்கின்றனர். ஆனால் குறை கையில் இல்லை. பார்த்து எழுதத் தக்க மாதிரி அப்பிள்ளைக்குக் கிட்டவில்லை என்பதே உண்மை.

நாள்காட்டிப் படங்களைப் பார்த்து எழுதுவதே நம் வீடுகளில் வழக்கம். அப்படங்களில் உள்ளோரெல்லாம் அசையாது நின்றவர்கள். நின்றவரைப் பார்த்து ஓடுபவரை எவ்வாறு எழுதுவது?

கைதேர்ந்த ஓவியர்களுக்கும் இத்தொல்லை இருந்தது. பாய்ந்தோடும் குதிரையை முன்கால்கள் முன்னும் பின்கால்கள் பின்னுமாக நீட்டி அந்தரத்தில் மிதக்கவிடுவது ஐரோப்பிய ஓவியர் மரபு. 1878ஆம் ஆண்டில் அமெரிக்காவின் காலிபோர்னியாவில் எட்வர்டு மைபிரிட்ஜ் என்பார் ஓடுபாதையோரம் காமிராக்களை வரிசையாக நிறுத்திப் படம்பிடித்தார். குதிரையின் நான்கு கால்களும் நிலத்தைவிட்டு எழும் கணம் ஒன்று உண்டு. ஆனால் அது கால்கள் வயிற்றின்கீழ் மடங்கிக் கூடும் கணம் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. பின்னர் மனிதரையும் அவ்வாறே படம்பிடித்து, 1887இல் 781 தகடுகளாக வெளியிட்டார். நடத்தல், ஓடுதல், படியேறுதல், மற்போர் ஆகியவற்றோடு கிரிக்கெட் மட்டை வீச்சும் அவற்றுள் உண்டு! இன்று இவற்றை இணையத்தில் கட்டணமின்றிக் காணலாம். பல உருவங்கள் ஆடையற்றவை. ஆதலின் பெற்றோர் முன்னதாகப் பார்த்துத் தேர்ந்து கொடுத்தல் நலம்.

நிழற்படத்தை மட்டுமே நம்புவதில் ஓர் இடரும் உண்டு. அது காலத்தை ஒரு கணத்தில் உறையவைத்துவிடுகிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இக்குறையை வற்புறுத்திப் பேசியவர். அவர் செய்த புனித யோவானின் சிலையில் இரு பாதங்களும் நிலத்தில் முழுதும் பதிந்திருக்கின்றன. நடப்பவர் எவரும் அவ்வாறு இரார். எனினும் அச்சிலை நடக்கிறது. அடுத்தடுத்த இரு கணங்களை ஓர் உருவில் சேர்த்ததே அதன் இரகசியம். இதே ரோடின், சென்னை அருங்காட்சியகத்திலுள்ள நடராசர் திருவுருவின் நிழற்படங்களைக் கண்டு வியந்து கட்டுரையொன்று எழுதினார். அவர் மறைந்த பின், 1921இல் அது வெளியாயிற்று. ஊன்றிய காலின் வளைவை, எடுத்த திருவடியின் வீச்சும் கைகளின் விரிவும் எவ்வாறு ஈடுசெய்கின்றன என்று ஒரு பிள்ளை பார்த்துக் கற்குமாயின், நூறு நாள்காட்டிகள் கற்பிக்காததைக் கற்றுவிடும்.

தில்லிவாழ் அன்பர்கள் இதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சென்னைக் கடற்கரையில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலையை நம்மில் அறியாதார் இலர். சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராயிருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்தது அது. அதன் மற்றொரு வார்ப்பு தில்லியில் ஜெய்ப்பூர் மாளிகையாகிய தேசிய நவீனக் கலைக்கூட வளாகத்தில் இருப்பதைப் பலர் அறியார். பாறையைப் பெயர்க்க முயலும் நால்வரின் முதுகும் தொடையும் தோளும் எங்கெங்கு இறுகுகின்றன என்று அதைச் சுற்றிவந்து காணலாம். சிலையின் தனிச்சிறப்பே அதுதான். நான்கடி நகர்ந்தால் புதியதொரு நிலை கிடைக்கிறது. அவரே அமைத்த தண்டி யாத்திரைச் சிலைக்குழு சர்தார் பட்டேல் சாலையில் உள்ளது. நடையை எழுதிப் பழக அதனினும் நல்ல மாதிரி தேடுவது அரிது.

அங்கே செல்லும் பிள்ளைக்கு வண்ணப்பெட்டி வேண்டா. தாளும் பென்சிலும் போதும். ஓர் உருவுக்கு ஒரு நிமிடமே கொடுக்க வேண்டும். முதற்கோடு தலையில் தொடங்கி, முதுகு வழியே, பாரம் தாங்கும் பாதம்வரை ஒரே வளைவாக ஓடட்டும். முகமும் விரலும் ஆடையும் பிறகு வரலாம். ஒற்றைக் காலில் பாரமிட்டு நிற்பவரின் இடுப்பு அந்தப் பக்கம் உயரும். தோள் அதே பக்கம் தாழும். கழுத்துக் குழியிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டால் அது ஊன்றிய பாதத்தில் வந்து விழ வேண்டும். இல்லையேல் சித்திர மனிதன் கவிழ்ந்துவிடுவான். விரைந்து ஓடுபவனுக்கோ அந்நூல் ஊன்றிய பாதத்தைத் தாண்டி முன்னே விழும்.

வீட்டிலும் மாதிரிக்குப் பஞ்சமில்லை. தாய் கோலமிடக் குனிவதும், தந்தை பரண்மேலிருந்து பெட்டியை இறக்குவதும், தம்பி பந்தெறிவதும் எழுதத் தக்கனவே. கைப்பேசியில் இவற்றை மெல்லோட்டமாகப் பதிந்து, வேண்டிய கணத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு முன் பிள்ளையே அந்நிலையில் ஒருமுறை நின்று பார்க்கட்டும். எந்தத் தசை வலிக்கிறதோ அங்கே பென்சிலை அழுத்த வேண்டும் என்பது தானே விளங்கும்.

மும்பையில் வாழ்வோர், கோகுலாஷ்டமியில் மனிதக் கோபுரம் அமைக்கும் இளைஞர்களின் கீழ்வரிசையைப் பார்க்க. உறியைத் தொடும் சிறுவனை எல்லோரும் பார்க்கிறார்கள். கல்கத்தா அன்பர்கள் துர்க்கை பூசைக்குச் சில வாரங்களுக்கு முன்பே குமார்துலிக்குச் செல்வது நன்று. மண் பூசுவதற்கு முன், மூங்கிலும் வைக்கோலுமாக மகிடாசுரன் அங்கே சாய்ந்து கிடப்பான்; முகமும் அணியும் இல்லாத அக்கட்டிலே நிலை முழுவதும் அமைந்திருக்கும். மண் பூசிவிட்டால் அதைக் காண்பது கடினம்.