அரக்குத் தட்டா, வினைல் தட்டா?

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவை ஒட்டி இருந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்டது. அங்கே வாங்கிய இசைத்தட்டுகளும் தாத்தா காலத்துப் பெட்டியில் வந்தவையும் இன்னும் வீவக வீடுகளில் இருக்கின்றன. அவற்றைக் கழுவ எந்த மெஷின் வாங்கலாம் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். தட்டு எதனால் ஆனது என்று அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

தமிழ்ப் பாட்டுச் சேகரிப்பில் இது பெரிய விஷயம். இந்தியாவில் 1960களிலும் 78 சுற்றுத் தட்டுகள் வந்துகொண்டிருந்தன; அதே காலத்தில் 45 சுற்று வினைல் தட்டுகளும் வந்தன. இரண்டும் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கும். பத்து அங்குல அகலம், நல்ல கனம், லேபிளில் 78 என்றால் அது பெரும்பாலும் அரக்கு. தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் பாலிஷ் போடுகிறார்கள். ஆகவே ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் இந்தத் தட்டுகள்மேல் படக் கூடாது. பட்டால் பாட்டே கரைந்து போகும். விரிசல் விட்ட அரக்குத் தட்டில் தண்ணீரும் வேண்டாம்.

வினைலுக்கு இங்கே முதல் எதிரி பூஞ்சை. சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியிலேயே 80 சதவீதத்தைத் தாண்டுகிறது. விரல் எண்ணெயும் காகித உறையும் பூஞ்சைக்குத் தீனி. கார்பன் பிரஷ் அன்றாடத் தூசிக்கு நல்லது. ஆனால் பூஞ்சை பிடித்த தட்டை அதைக் கொண்டு தேய்த்தால் வித்துகள் வீடெங்கும் பரவும். காய்ச்சி வடித்த நீரில் வாசனை சேர்க்காத சோப்புத் திரவம் ஓரிரு துளி விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தடத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்க்க வேண்டும். லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வெறும் வடிநீரில் அலச வேண்டும். குழாய்நீரில் அலசினால், அதிலுள்ள உப்புகள் காய்ந்து தடத்தில் தங்கி மீண்டும் படபடவென்று சத்தம் தரும்.

சில டஜன் தட்டுகளுக்கு, கையால் சுழற்றும் ஸ்பின்-கிளீன் மாதிரித் தொட்டியே போதும். நூற்றுக்கணக்கில் இருந்தால் அழுக்கு நீரை உறிஞ்சி எடுக்கும் வாக்குவம் மெஷினுக்குச் செலவழிக்கலாம். கோல்மன் தெருவின் அடெல்ஃபி கட்டடத்து ஒலிக்கருவிக் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். அல்ட்ராசோனிக் மெஷின்களின் விலை ஆயிரக்கணக்கான வெள்ளி வரை போகும்; வீட்டுக்கு அது அவசியம் என்று நான் நினைக்கவில்லை.

கழுவிய தட்டை வெயிலில் வைத்தால் வளைந்துவிடும்; மின்விசிறியடியில் உலர்த்தலாம். பழைய உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதிய பாலித்தீன் உறையில் போட்டு நிமிர்த்தி அடுக்குங்கள். வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டர் மட்டும் வேண்டாம். கதவு சாத்தியே கிடக்கும் அந்த அறையில் காற்றோட்டம் குறைவு. பூஞ்சை சீக்கிரம் திரும்பி வந்துவிடும்.