கொழுந்தின் நிறையும் நிலத்தின் கணக்கும்: பூனாகலையை முன்வைத்து ஒரு நோக்கு

பெருந்தோட்ட நிலத்தின் பொருளாதாரப் பங்கினை ஆராய்வோர் பெரும்பாலும் ஏற்றுமதி வருமானத்தையே கருத்திற் கொள்வர். தொழிலாளிக்கு ஒரு நாட் 'பேர்' விழுவதும் பறித்த கொழுந்தின் நிறையைப் பொறுத்ததே. ஆயின், நிலம் கொழுந்தை மட்டும் விளைவிப்பதில்லை. மழைநீரை உள்வாங்கி ஊற்றுகளாக வெளிவிடுகின்றது; சரிவின் மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றது; உக்கிய இலைகளைப் பசளையாக்குகின்றது. இவை சூழற்றொகுதிச் சேவைகள் எனப்படும். 1997இல் றொபேட் கொஸ்தான்சா முதலிய ஆய்வாளர் உலகளாவிய ரீதியில் இவற்றின் ஆண்டுப் பெறுமதியை ஏறத்தாழ 33 இலட்சம் கோடி டொலர் என மதிப்பிட்டனர். அஃது அன்றைய உலக மொத்த உற்பத்தியிலும் கூடியதாகும்.

இப்பெறுமதி எவரைச் சேர்கின்றது, அதற்கான சுமையைத் தாங்குவோர் எவர் என்பதே ஈண்டு நோக்கற்பாலது. பதுளை மாவட்டத்துப் பூனாகலை இதற்குத் தக்க சான்றாகும். பூனாகலை ஓயா 220 மீற்றர் உயரமான தியலும நீர்வீழ்ச்சியாக வீழ்ந்து, குடா ஓயாவுடன் கிரிந்தி ஓயாவை அடைகின்றது. அவ்வாறு 1980களில் அமைந்த லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தைச் சேர்ந்து, தெற்கின் நெல்வயல்களுக்குப் பயன்படுகின்றது. எனவே, மலைச்சரிவின் தேயிலை நிலம் தாழ்நிலத்து நெல்லுற்பத்தியிலும் பங்காளியாகும். மலையில் மண் கரையின், கீழே நீர்த்தேக்கத்தில் வண்டல் படியும்.

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தை அடுத்து மலைநாட்டுக் காடுகள் கோப்பிக்காக அழிக்கப்பட்டன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தவே தேயிலை பரவியது. முன்னர் காடு தானாகச் செய்த வேலையை இப்போது மனித உழைப்பே செய்ய வேண்டியதாயிற்று. சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுதல், கற்கட்டு அமைத்தல், மண்ணிற்கு நைதரசனை வழங்கும் முள்முருங்கையை நிழலுக்கு நடுதல், மறுநடுகைக்கு முன்னர் குவாத்தமாலாப் புல் வளர்த்தல் ஆகியன அவ்வேலைகளாம். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும் அவர்தம் சந்ததியினருமே இவற்றைச் செய்தனர். உடனடி விளைச்சல் தராமையால், செலவைக் குறைக்க விழையும் நிருவாகம் எளிதிற் கைவிடக்கூடிய வேலைகளும் இவையே. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தமும் 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் மாறியமையும் கொழுந்தையே அளவுகோலாகக் கொண்ட இக்கணக்குமுறையை மாற்றவில்லை.

கணக்கில் வாராத இழப்பு எங்கோ ஓரிடத்திற் செலுத்தப்பட்டே தீரும். கொஸ்லந்தைக்கு அண்மையில் மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை மலை சரிந்து லயன்களைப் புதைத்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அவ்விடத்தின் அபாயத்தை எச்சரித்திருந்தது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்திலும் மண்சரிவு வீடுகளைச் சிதைத்தது. பெருமழை உடனடிக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயின், அபாயச் சரிவில் மக்கள் தொடர்ந்து வாழ நேர்ந்தமை இயற்கையின் செயலன்று. வேறிடம் பெயரத் தமக்கெனக் காணியில்லாமையின் விளைவேயாம்.

நிலத்தின் சேவைகளுக்குப் பெறுமதி கணிப்பது நன்றே. எனினும், அச்சேவைகளைப் பேணும் கைகளை அக்கணக்கு மறக்குமாயின், அது பழைய கணக்கின் புதுப்பதிப்பாகவே அமையும். கான் வெட்டும் உழைப்பு கொழுந்து பறித்தலுக்கு நிகரான உற்பத்தியாகக் கொள்ளப்படல் வேண்டும். பாதுகாப்பான இடத்தில் உறுதியுடன் கூடிய காணி தொழிலாளருக்கு உரித்தாதல் வேண்டும். மண்ணைக் காப்போர்க்கு மண்ணில் உரிமையில்லாதவரை நிலத்தின் கணக்கு நிறைவுறாது.