நிறுத்தி வைத்த வண்டியில் கரண்டு எங்கே போனது?

ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கிறது ஆனேக்கல். கர்நாடக மாநிலத்தில், பெங்களூரு நகர மாவட்டத்தின் ஒரு தாலுகா அது. கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் அந்த ஊர்க் கடைத்தெருவில் கேட்கும்.

அங்கே பூ வியாபாரம் செய்யும் ஓர் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் எழுந்திருப்பார். பூ வாங்குவார். பேட்டரி ஸ்கூட்டரில் சந்தாபுரம் போவார். வீடு வீடாகப் பூ கொடுப்பார். வண்டி கடனில் வாங்கியது. மாதம் 5-ஆம் தேதி தவணை கட்ட வேண்டும்.

மகளுக்குப் பிரசவம். அக்கா கிருஷ்ணகிரிக்குப் போனார். வண்டியை வீட்டு வாசலில் வெயிலில் நிறுத்திப் பூட்டினார். அப்போது பேட்டரியில் 30 சதவீதம் சார்ஜ் இருந்தது. "வந்து போட்டுக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டார்.

ஒரு மாதம் கழிந்தது. பேத்தியைப் பார்த்த சந்தோஷத்தோடு அக்கா திரும்பி வந்தார். சாவியைத் திருப்பினார். விளக்கு எரியவில்லை. சார்ஜரை மாட்டினார். சார்ஜும் ஏறவில்லை. பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் ஓடினார்.

"தம்பி, ஒரு மாசமா வண்டியைத் தொடவே இல்லப்பா. பூட்டினது பூட்டினபடி இருக்கு. கரண்டு எங்க போச்சு? யாராச்சும் திருடிட்டாங்களா?"

"யாரும் திருடலக்கா. வண்டியே குடிச்சிடுச்சு."

"ஓடுற வண்டி குடிக்கும். நிக்கிற வண்டி எப்படிப்பா குடிக்கும்?"

நல்ல கேள்வி. நாமும் அதைத் தெரிந்துகொள்வோம்.

பேட்டரி வண்டி பிறந்த மண்

ஆனேக்கல் தாலுகாவுக்குப் பேட்டரி வண்டி புதிதல்ல. இந்தத் தாலுகாவில்தான் பொம்மசந்திரா தொழிற்பேட்டை இருக்கிறது. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயில் வந்து சேர்ந்ததே, அதே பொம்மசந்திராதான். அங்கேதான் 'ரேவா' என்ற மின்சாரக் கார் செய்தார்கள். 1994-இல் அந்த நிறுவனம் தொடங்கியது. 2001-இல் கார் விற்பனைக்கு வந்தது. இலண்டன் நகரத் தெருக்களிலும் 'ஜி-விஸ்' என்ற பெயரில் அந்தக் கார் ஓடியது. 2010-இல் மகிந்திரா நிறுவனம் ரேவாவை வாங்கியது. இன்று அந்தக் கார் தயாராவதில்லை.

முதலில் வந்த ரேவாவில் ஈயமும் அமிலமும் கொண்ட பேட்டரிகள் இருந்தன. லாரியிலும், வீட்டு இன்வர்ட்டரிலும் இருக்கிறதே, அந்த இனம். ஒன்றுக்கு 6 வோல்ட். மொத்தம் 8 பேட்டரிகள். இன்று ஓடும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் லித்தியம் அயனி பேட்டரி இருக்கிறது. செல்போனில் இருப்பதும் அதுதான். அது எடை குறைவு. அதிகச் சக்தியைச் சேர்த்து வைக்கும். 1991-இல் இந்தப் பேட்டரி விற்பனைக்கு வந்தது. இதை உருவாக்கியதற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எந்தப் பேட்டரியாக இருந்தாலும் ஒரு குணம் உண்டு. சும்மா வைத்தாலும் அதன் சக்தி குறையும்.

மூன்று வழிகளில் குறைகிறது

முதல் வழி, தானாகக் கசிவது. மண்பானையில் தண்ணீர் வைக்கிறோம். யாரும் மொள்ளவில்லை. ஆனாலும் நாளுக்கு நாள் குறைகிறது. பேட்டரியும் அப்படித்தான். உள்ளே இருக்கும் இரசாயனப் பொருள்கள் சும்மா இருப்பதில்லை. மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். நல்ல லித்தியம் பேட்டரியில் இந்தக் கசிவு மிகக் குறைவு. மாதத்துக்குச் சில சதவீதம்தான். ஆனால் சூடு ஏற ஏறக் கசிவும் கூடும். வெயிலில் நிற்கும் வண்டியில் அதிகம். நிழலில் நிற்கும் வண்டியில் குறைவு.

இரண்டாவது வழி, வண்டியின் காவல்காரர். வண்டியை அணைத்தாலும் அதற்குள் சில பாகங்கள் தூங்குவதில்லை. பேட்டரியின் சூட்டையும் வோல்ட்டையும் கவனிக்கும் ஒரு மின்னணுப் பலகை உண்டு. அதுதான் காவல்காரர். பல வண்டிகளில் சிம் கார்டு இருக்கிறது. வண்டி எங்கே நிற்கிறது என்று செல்போனுக்குச் சொல்லும் கருவி இருக்கிறது. திருடன் அசைத்தால் சத்தம் போடும் கருவி இருக்கிறது. நம்மைக் காக்கத்தான் இவை விழித்திருக்கின்றன. ஆனால் இவற்றுக்கும் சாப்பாடு வேண்டுமே! பேட்டரியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ஊரில் இருந்தபடி செல்போனில் வண்டியை அடிக்கடி பார்த்தால், ஒவ்வொரு தடவையும் அது விழித்துப் பதில் சொல்லும். அதற்கும் கரண்டு செலவு.

மூன்றாவது வழி, நாம் சேர்த்த தொல்லை. கடையில் கூடுதல் விளக்கு மாட்டுகிறோம். பெரிய ஹாரன் மாட்டுகிறோம். ஒயரைப் பேட்டரியில் நேராக இணைத்துவிடுகிறார்கள். சாவியை எடுத்தாலும் அது நிற்காது. இது மூடாத குழாய் மாதிரி.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மின்சாரக் கார்களிலும் சில ஸ்கூட்டர்களிலும் பெரிய பேட்டரியோடு 12 வோல்ட் சிறிய பேட்டரியும் இருக்கும். கதவு, விளக்கு, கணினி எல்லாம் அதில்தான் ஓடும். அது தீர்ந்தால், பெரிய பேட்டரி நிறைய இருந்தாலும் வண்டி எழுந்திருக்காது.

கணக்குப் போடுவோம்

நம் கரண்டு பில்லில் யூனிட் என்று வருகிறது அல்லவா? 1,000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அக்காவின் ஸ்கூட்டர் பேட்டரியில் 3 யூனிட் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 3,000 வாட் மணி.

காவல்காரருக்கு 2 வாட் போதும் என்று வைத்துக்கொள்வோம். பார்க்க இது கொஞ்சம்தான்.

ஒரு நாளைக்கு: 2 × 24 = 48 வாட் மணி.
30 நாளைக்கு: 48 × 30 = 1,440 வாட் மணி.

பார்த்தீர்களா? 3,000-இல் ஏறத்தாழப் பாதி போய்விட்டது!

அக்கா ஊருக்குப் போகும்போது 30 சதவீதம் இருந்தது. அது 900 வாட் மணி. நாளைக்கு 48 வீதம் எடுத்தால் 18 நாள் தாண்டி 19-ஆம் நாளிலேயே தீர்ந்துவிடும். அக்கா வந்ததோ 30-ஆம் நாள். வெயிலில் கசிந்தது தனி.

எல்லா வண்டியும் 2 வாட் எடுக்காது. சில வண்டி குறைவாக எடுக்கும். சில வண்டி கூடுதலாக எடுக்கும். உங்கள் வண்டி எவ்வளவு எடுக்கிறது? நீங்களே கண்டுபிடிக்கலாம். ஊருக்குப் போகும்போது சார்ஜ் எத்தனை சதவீதம் என்று நோட்டில் எழுதுங்கள். தேதியும் எழுதுங்கள். திரும்பி வந்ததும் மறுபடி எழுதுங்கள். 7 நாளில் 80 சதவீதம் 78 ஆனால் கவலை இல்லை. 80 சதவீதம் 60 ஆனால் எங்கோ கோளாறு. மெக்கானிக்கிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள். வாயால் சொல்வதை விட எழுதிக் காட்டுவது பலமான சாட்சி.

முழுதும் தீர்ந்தால் என்ன கெடும்?

"தீர்ந்தா என்ன தம்பி? மறுபடி ஏத்திக்கலாமே?"

"டார்ச் லைட் மாதிரி இல்லக்கா. அடியோட தீர்ந்தா பேட்டரியே கெட்டுப் போகும்."

மெக்கானிக் சொன்னது சரி. பெரிய பேட்டரிக்குள் பல சிறிய செல்கள் இருக்கின்றன. அளவுக்குக் கீழே வோல்ட் இறங்கினால் செல்லுக்குள் இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறு இடத்தில் படியும். உள்ளுக்குள்ளேயே ஒயர் ஒட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். சூடாகும். தீப்பிடிக்கவும் கூடும்.

இதைத் தடுக்கத்தான் காவல்காரர் குறிப்பிட்ட அளவில் எல்லாவற்றையும் துண்டித்துவிடுகிறார். சார்ஜர் மாட்டினாலும் ஏற விடுவதில்லை. "காவல்காரரைத் தாண்டி நேராக ஒயர் கொடுக்கிறேன்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.

பணமும் பெரிய விஷயம். வண்டி விலையில் பெரும் பங்கு பேட்டரியின் விலைதான். உத்தரவாதச் சீட்டைப் படித்துப் பாருங்கள். நீண்ட நாள் சார்ஜ் போடாமல் வைத்துக் கெட்டால் பொறுப்பில்லை என்று பல சீட்டுகளில் எழுதியிருக்கும். ஆங்கிலத்தில் இருந்தால் பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். வாங்கும் கடையிலேயே விளக்கம் கேளுங்கள். நியாயம் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் புகார் சொல்லலாம்.

ஊருக்குப் போகும் முன்

லித்தியம் பேட்டரி என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேலே, 50 முதல் 60 சதவீதம் வரை ஏற்றி வையுங்கள். நூறும் வேண்டாம், இருபதும் வேண்டாம். முழுதாக ஏற்றிப் பல நாள் சூட்டில் வைத்தால் பேட்டரி சீக்கிரம் கிழடாகும்.

ஈயப் பேட்டரி என்றால் இதற்கு நேர் எதிர். முழுதாக ஏற்றித்தான் வைக்க வேண்டும். குறைவாக வைத்தால் தகட்டில் உப்பு மாதிரி ஒன்று படிந்து இறுகிவிடும். மாதம் ஒரு தடவை மறுபடி ஏற்ற வேண்டும்.

வண்டியை நிழலில் நிறுத்துங்கள். சாவியை முழுதாக அணையுங்கள். 'நீண்ட நாள் நிறுத்தம்' என்ற வசதி சில வண்டிகளில் உண்டு. இருந்தால் அதைப் போடுங்கள். கழற்றும் பேட்டரி என்றால் கழற்றி, காய்ந்த, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். அடுப்பங்கரையில் வேண்டாம். வெளியே போகும் வாசற்படியில் வேண்டாம். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் ஊரில் தங்கினால், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி இடையில் பார்க்கச் சொல்லுங்கள். எதற்கும் வண்டியோடு வந்த புத்தகம் சொல்வதை முதலில் கேளுங்கள்.

அக்காவின் வண்டி என்ன ஆயிற்று?

மெக்கானிக் பேட்டரியைப் பிரிக்கவில்லை. "என்னால முடியாதுக்கா. கம்பெனி சர்வீசுக்குக் கொண்டு போங்க" என்று நேர்மையாகச் சொன்னார். அங்கே ஒவ்வொரு செல்லையும் சோதித்தார்கள். காவல்காரர் சரியான நேரத்தில் துண்டித்திருந்தார். செல்கள் பிழைத்திருந்தன. மிக மெதுவாகச் சார்ஜ் ஏற்றினார்கள். பேட்டரி தப்பியது.

ஆனால் ஆறு நாள் வியாபாரம் போனது. அந்த மாதத் தவணைக்குக் கைமாற்று வாங்க வேண்டியதாயிற்று. ஆறு நாளும் அக்கா பூக்கூடையோடு பஸ்ஸில் போனார். பாதிப் பூ வாடிப் போனது.

பேத்திக்குக் காதுகுத்து வருகிறது. மறுபடி ஊருக்குப் போக வேண்டும். இந்தத் தடவை வண்டி நிழலில் நிற்கிறது. சுவரில் மாட்டிய காலண்டரில் அக்கா தன் கையால் எழுதியிருக்கிறார்: "சார்ஜ் 58."

யோசித்துப் பாருங்கள்

1. மண்பானைக்கும் பேட்டரிக்கும் என்ன ஒற்றுமை?
2. 3 வாட் எடுக்கும் வண்டி 10 நாளில் எத்தனை வாட் மணி குடிக்கும்?
3. உங்கள் தெருவில் யாரிடம் பேட்டரி வண்டி இருக்கிறது? இந்தப் பாடத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.