ஒரு கணமும் ஓர் இரவும்

ரோம் நகரத்து மாளிகையில் ஒரு வரவேற்பறை. வெளியே போய்விட்டுத் திரும்பிய இளம் மனைவி வாசற்படியில் நிற்கிறாள். உள்ளே அவளுடைய தோழி நின்றுகொண்டிருக்கிறாள். கணவனோ நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடி தோழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இருவரும் பேசவில்லை. இவளைக் கண்டதும் அவன் சட்டென்று எழுகிறான். அவ்வளவுதான். பெண் நிற்க ஆண் உட்கார்ந்திருப்பது அக்கால மேட்டுக்குடி வீடுகளில் மரியாதைக் குறைவு. நெடுநாள் நெருங்கிப் பழகியவர்களிடையேதான் அப்படி நடக்கும்.

ஹென்றி ஜேம்ஸின் ‘தி போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி’ நாவலுக்கு அச்சாணி இந்தக் கணம். 1881இல் நூலாக வந்த அதில் 55 அத்தியாயங்கள் உண்டு. நீண்ட வாக்கியங்களுக்கு அஞ்சிப் பலர் பாதியில் மூடிவைத்துவிடுகிறார்கள். கதையோ எளிமையானது. அமெரிக்காவின் ஆல்பனி ஊரிலிருந்து இங்கிலாந்து வரும் இசபெல் ஆர்ச்சர், ஓர் ஆங்கிலப் பிரபுவையும் ஓர் அமெரிக்கத் தொழிலதிபரையும் மணக்க மறுக்கிறாள். உலகைத் தன் கண்ணால் பார்த்துத் தானே முடிவெடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவளை மனதுக்குள் நேசிக்கும் ரால்ஃப், அவள் தாயின் சகோதரி மகன்; காசநோயாளி. தன் பங்கிலிருந்து அவளுக்குச் சொத்து எழுதிவைக்கும்படி தந்தையிடம் கேட்கிறான். அவளுக்கு 70,000 பவுண்டு கிடைக்கிறது. அவளைச் சுதந்திரமாக வைக்க வேண்டிய அந்தப் பணம்தான் கில்பர்ட் ஆஸ்மண்ட் என்ற கணவனிடம் அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

திருமணத்தை ஜேம்ஸ் நமக்குக் காட்டுவதில்லை. சில ஆண்டுகளைத் தாண்டி, முகம் மாறிப்போன இசபெலை முன்னே நிறுத்துகிறார். இடையில் என்ன நடந்தது என்று நாமும் தேடுகிறோம். விடை 42ஆம் அத்தியாயத்தில் வருகிறது. அதில் வெளியே பெரிதாக எதுவும் நடப்பதில்லை. அணைந்துகொண்டிருக்கும் கணப்பருகே இசபெல் தனியே உட்கார்ந்து, தன் மணவாழ்க்கையை நினைத்துப் பார்க்கிறாள். மெழுகுவத்திகள் கரைகின்றன; கடிகாரம் நான்கு அடிக்கிறது. எழுந்தவள் அறை நடுவே நின்றுவிடுகிறாள். வரவேற்பறையில் கண்ட அந்தக் காட்சி மறுபடி அவள் கண்முன் நிற்கிறது. அதன் முழுப் பொருள் விளங்க அவள் இன்னும் ஒன்பது அத்தியாயங்கள் காத்திருக்க வேண்டும். பின்னாளில் எழுதிய முன்னுரையில் ஜேம்ஸ், நாவலிலேயே சிறந்த பகுதி இந்த இரவுதான் என்றார்.

அவருடைய அண்ணன் வில்லியம் ஜேம்ஸ், உளவியலின் முன்னோடிகளில் ஒருவர். அவரது ‘உளவியலின் கோட்பாடுகள்’ 1890இல் வந்தது. எண்ணங்கள் தனித்தனிக் கண்ணிகளாகக் கோத்தவை அல்ல, ஓடும் நீர்போல ஒன்றிலொன்று கலந்தவை என்று அதில் விளக்கினார். தெளிவாகப் பெயர்சொல்லக் கூடிய எண்ணங்களைச் சுற்றி, பிடிபடாத சாயைகள் எப்போதும் படர்ந்திருக்கும் என்றார். அந்தச் சாயைகளைத் தம்பி ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே கதையில் பிடித்திருந்தார். நாவலின் கடினம் இங்கிருந்துதான் வருகிறது. தயங்கி, திரும்பி, திருத்திக்கொண்டு நகரும் மனத்தோடு கூடவே நடக்கும் வாக்கியம் குறுகியதாக இருக்க முடியாது. தம்பியின் பிற்கால நடை அந்த அண்ணனையே பொறுமையிழக்க வைத்தது. நேராகச் சொல்லிவிடேன் என்று கடிதத்தில் கேட்டிருக்கிறார். ஆகவே தடுமாறும் வாசகர் வெட்கப்பட வேண்டியதில்லை. நாளுக்கு ஓர் அத்தியாயம் போதும். வாய்விட்டுப் படித்தால் வாக்கியங்களின் மூச்சு பிடிபடும்.

அப்படிப் படித்து 42ஆம் அத்தியாயத்தின் கடைசி வரியை அடையும்போது ஒன்று நிகழ்கிறது. அந்த வரவேற்பறையை நாமும் இரண்டு அத்தியாயங்களுக்கு முன் பார்த்திருந்தோம். பெரிதாக நினைக்காமல் பக்கத்தைப் புரட்டியிருந்தோம். இப்போது இசபெலோடு சேர்ந்து நமக்கும் அது நினைவுக்கு வருகிறது: நின்றவள், உட்கார்ந்திருந்தவன், அந்த மௌனம். கவனியாமல் கடந்ததை நம் மனமும் இத்தனை நேரம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது.