சாட்சியப் படத்தின் நிறத்தை யார் தீர்மானிப்பது?

வன்கொடுமை நடந்த ஊருக்கு உண்மையறியும் குழுவாகச் செல்லும் நாம், காயங்களையும் எரிக்கப்பட்ட வீடுகளையும் படம்பிடித்துத் திரும்புகிறோம். கேமராத் திரையில் தெளிவாகத் தெரிந்த கன்றிய காயம், கணினியில் லைட்ரூம் மென்பொருளில் திறந்ததும் வேறு நிறத்தில் தெரிகிறது. படம் கெட்டுவிட்டதோ என்று அஞ்சி, கண்ணுக்குச் சரியென்று பட்டவாறு நிறத்தை மாற்றுகிறோம். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு பற்றிக்கொள்ளும் இடம் அதுதான்.

ரா கோப்பு முடிவுற்ற படமன்று. ஒளியுணரி பதிவுசெய்த தரவு. அதைப் படமாகக் காட்ட ஏதேனும் ஒரு நிற விளக்கம் தேவை. கேமராத் திரையில் நாம் காண்பது அதன் தயாரிப்பாளர் தரும் விளக்கம். லைட்ரூமோ 2018 முதல், 'அடோபி கலர்' என்னும் தன் விளக்கத்தையே இயல்பாக இடுகிறது. கேமரா காட்டிய தோற்றத்தை ஒத்திருக்குமாறு உருவாக்கப்பட்டவை 'கேமரா மேட்சிங்' ப்ரொஃபைல்கள். லைட்ரூம் கிளாசிக்கின் ப்ரிஃபரன்சஸ் பகுதியில், ப்ரீசெட்ஸ் பிரிவிலுள்ள ரா டிஃபால்ட்ஸில் 'கேமரா செட்டிங்ஸ்' என்பதைத் தேர்ந்துவிட்டால், அந்தக் கேமராவுக்குரிய ப்ரொஃபைல் இருக்கும்வரை, இறக்குமதியாகும் ஒவ்வொரு ரா கோப்பும் அத்தோற்றத்துடனேயே திறக்கும்.

கேமராவில் எந்தப் பாணி வைக்கப்பட்டிருந்ததோ அதுவே கணினிக்கும் வரும் என்பதை மறக்கலாகாது. 'விவிட்' நிறத்தை மிகைப்படுத்தும். 'போர்ட்ரெய்ட்' தோலை அழகாக்கிக் காட்டவே அமைக்கப்பட்டது. கறுத்த தோலில் கன்றல் சிவந்து தெரிவதில்லை. சுற்றியுள்ள தோலைவிடச் சற்றே இருண்டு தெரியும். அச்சிறு வேறுபாட்டைத்தான் இத்தகைய பாணிகள் விழுங்கிவிடக்கூடும். ஒரு காலத்தில் கோடாக்கின் 'ஷெர்லி அட்டை' வெள்ளைப் பெண்ணின் தோலையே நிறத்தின் அளவுகோலாக வைத்திருந்தது. நம் உடல்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே களத்துக்குப் புறப்படும் முன்பே கேமராவை 'ஸ்டாண்டர்ட்' பாணியில் வைப்பது நன்று.

கேமரா காட்டும் நிறமே உண்மை என்று நாம் வாதிடவில்லை; அதுவும் ஒரு விளக்கமே. ஆனால் பாதிக்கப்பட்டவரும் உடனிருந்தோரும் அன்று திரையில் பார்த்தது அதைத்தான். எல்லாப் படங்களுக்கும் ஒரே விதி. காயத்துக்குக் காயம் நாம் கைவைக்கவில்லை என்று கூண்டில் நின்று சொல்ல முடியும்.

மூலக் கோப்பைக் காப்பது தனி வேலை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கோருகிறது. அதன் படிவத்தில் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். ப்ரொஃபைல் மாற்றம் மூல ரா தரவைத் தொடுவதில்லை. ஆனால் இறக்குமதியின்போது 'காப்பி ஆஸ் டிஎன்ஜி' என்பதைத் தேர்ந்தால் உருவாவது வேறொரு கோப்பு. அதன் ஹாஷ் மதிப்பு ஒத்துவராது. ஜேபெக் கோப்பிலோ, தகவல்களைத் தானே எழுதும் எக்ஸ்எம்பி வசதி இயங்கினால், கோப்பே மாறிவிடும். எனவே மெமரி கார்டிலிருந்து நேராகப் படியெடுத்து, ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டு முடித்த பிறகே, வேறொரு படியை லைட்ரூமுக்குள் கொண்டுவர வேண்டும்.

ஹாஷ் மதிப்பை எழுதும் அதே தாளில் ப்ரொஃபைலின் பெயரையும் எழுதிவிடுகிறோம். வழக்கு விசாரணைக்கு வரும் நாளில் அது யாருக்கும் நினைவிருக்காது.